‘கரன்ட் வைத்துக் கட்டியைக் கரைப்பார்களாமே, டாக்டர்?’ – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எலெக்ட்ரோகீமோதெரபி பற்றியவை. தோலில் வரும் புற்றுக்கட்டிக்குக் கீமோ மருந்தையும் மின்துடிப்பையும் சேர்த்துக் கொடுக்கும் முறை இது. நான் அறுவை சிகிச்சை மருத்துவர். வெட்டி எடுப்பதுதான் என் தொழில். அப்படியிருந்தும் இந்த முறையை விரும்பிக் கற்றுக்கொண்டேன். வெட்டித் தீராத கட்டிகள் சில உண்டு என்பதே அதற்குக் காரணம்.

அப்பாவுக்கு 71 வயது. உள்ளங்காலில் வந்த மெலனோமாவை அறுவை செய்து எடுத்தார்கள். இப்போது அதே காலில், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கருநீலக் கட்டிகள் கிளம்பியிருக்கின்றன. ஒரு டஜன் இருக்கும். இரண்டில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது. தினமும் நான்தான் கட்டு மாற்றுகிறேன். காலையே எடுக்க வேண்டி வரும் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மருத்துவர் எலெக்ட்ரோகீமோதெரபி செய்யலாம் என்கிறார். மின்சாரம் என்று கேட்டதுமே அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

செய்துகொள்ளச் சொல்லுங்கள். வந்த கடிதங்களிலேயே இந்தச் சிகிச்சை மிகவும் பொருந்துவது உங்கள் அப்பாவுக்குத்தான்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்று. அந்தச் செல்கள் தோலுக்கு அடியில் உள்ள நிணநீர்க் குழாய்கள் வழியாக மேலே ஏறும். அப்போது நடுவழியில் தங்கி வளர்பவைதான் நீங்கள் பார்க்கும் கருநீலக் கட்டிகள். ஒன்றிரண்டு என்றால் வெட்டி எடுத்துவிடலாம். ஒரு டஜன் சிதறிக் கிடக்கும்போது, ஒன்றை எடுத்துத் தையல் போட்ட இடம் ஆறுவதற்குள் பக்கத்தில் வேறொன்று தலைகாட்டும். இதற்காகக் காலை எடுப்பது இன்று அரிதிலும் அரிது. உங்கள் உறவினர் போட்டுவிட்டுப் போன அந்தப் பயத்தை முதலில் அப்பாவின் மனதிலிருந்து எடுங்கள்.

மின்சாரம் எதற்கு என்பதை அப்பாவுக்குப் புரியும்படி சொல்லுங்கள். இதில் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் ப்ளியோமைசின். 1960களில் ஜப்பானில் ஹமாவோ உமேசாவாவின் குழுவினர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தது. செல்லுக்குள் போய்விட்டால் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஆனால் உள்ளே போவதுதான் அதற்குக் கஷ்டம். செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான மெல்லிய படலம். மருந்தோ தண்ணீரில் கரைவது. எண்ணெய்த் தாளில் விழுந்த நீர்த்துளி மாதிரி வெளியிலேயே நின்றுவிடும். சாதாரணமாக ட்ரிப்ஸில் ஏற்றினால், கொடுத்த மருந்தில் மிகச் சொற்பமே கட்டியின் செல்களுக்குள் நுழையும்.

இங்கேதான் மின்துடிப்பு உதவுகிறது. ஒரு வினாடியைப் பத்தாயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு நேரம்தான் ஒரு துடிப்பின் நீளம். அதாவது 100 மைக்ரோ வினாடி. அப்படி 8 துடிப்புகள். அவை படும் இடத்தில் படலத்தில் நுண்ணிய துளைகள் விழும். சுற்றிலும் காத்திருக்கும் மருந்து உள்ளே புகுந்துவிடும். சில நிமிடங்களில் துளைகள் தாமாகவே மூடிக்கொள்ளும், மருந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மின்சாரம் கட்டியை எரிப்பதில்லை, சுடுவதில்லை. கொல்வது மருந்துதான். அந்த மருந்தும் பெரும்பாலும் செல் பிரிய முயலும்போதுதான் தன் வேலையைக் காட்டும். அதனால் வேகமாகப் பிரியும் புற்றுச்செல்கள் சாகின்றன, பக்கத்துத் திசு ஓரளவு தப்பிவிடுகிறது. பிரான்ஸில் வில்ஜுயிஃப் நகரின் குஸ்தாவ் ரூசி நிறுவனத்தில் லூயிஸ் மிர் குழுவினர் 1991இல் நோயாளிகளிடம் முதன்முதலாக இதைச் செய்து முடிவை வெளியிட்டார்கள். நேற்று வந்த பரிசோதனை முயற்சி என்று அப்பா நினைத்திருந்தால் இதையும் சொல்லுங்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும்? இத்தனை கட்டிகள் இருப்பதால் முழு மயக்கம் கொடுத்துச் செய்வதே நல்லது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. கட்டி ஒன்றிரண்டாக, சிறியதாக இருப்பவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, மருந்தை நேராகக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தியும் செய்யலாம். அப்பாவுக்கு நரம்பு வழியாகத்தான் கொடுப்பார்கள். உடல்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 15,000 யூனிட் என்பது வழக்கமான அளவு. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதால் சிலருக்கு இதைக் குறைப்பதுண்டு. உங்கள் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

மருந்து ஏறியதும் 8 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். கட்டிகளுக்குள் மருந்து பரவ அந்த அவகாசம் வேண்டும். அதன்பின் தாமதிக்கக் கூடாது, பெரும்பாலும் 40 நிமிடத்துக்குள் எல்லாக் கட்டிகளையும் முடித்தாக வேண்டும். கைப்பிடியின் நுனியில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசிகள் இருக்கும். அதைக் கட்டியில் இறக்கிக் காலால் பெடலை அழுத்துவேன். மயக்கத்தில் இருந்தாலும் அந்தத் தசை சட்டென்று துள்ளும். திரையில் மின்னோட்டத்தின் கோடு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சரியில்லை என்றால் ஊசியை எடுத்து மறுபடி வைப்பேன். பிறகு அரை அங்குலம் தள்ளி அடுத்த இடம். கட்டியின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்துக்கொள்வோம். துடிப்பு படாமல் விட்ட இடத்தில்தான் கட்டி திரும்ப முளைக்கும். அதனால் இதில் அவசரம் ஆகாது, விடுபடலும் ஆகாது. மின்சாரம் அந்த ஊசிகளுக்கு நடுவில் மட்டும்தான் பாயும், உடம்பெங்கும் ஓடாது. அப்பாவின் பயம் அதுதான் என்றால் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

இனி உங்களுக்கு முக்கியமானது. மின்துடிப்பு பட்டதும் கட்டியின் ரத்தநாளங்கள் இறுகிவிடும். கட்டியிலிருந்து ரத்தம் கசிவது பல நேரங்களில் அறுவை அரங்கிலேயே நின்றுவிடும். முந்தைய நாள்வரை ஈரத்துணியாகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த வீட்டினர், மறுநாள் உலர்ந்த கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வைக்காகவே இதைச் செய்யலாம்.

முதல் சில நாட்கள் வீக்கமும் சிவப்பும் இருக்கும். பிறகு கட்டி கறுத்துப் பொருக்குத் தட்டும். அதைப் பிய்க்கக் கூடாது. தானாக விழுந்து அடியில் தோல் மூட ஆறிலிருந்து பத்து வாரம்கூட ஆகலாம். ‘கட்டி அப்படியே இருக்கிறதே’ என்று மூன்றாம் வாரத்தில் மனம் உடைய வேண்டாம், இரண்டு மாதம் கழித்துத்தான் பலனைக் கணக்கிடுவோம். மிச்சம் இருந்தால் மறுபடி செய்யலாம்.

பலன் எவ்வளவு? ஐரோப்பாவில் நான்கு மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2006இல் வெளியானது. இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றும் செய்முறை விதிகள் அதிலிருந்து வந்தவைதான். அதில் சிகிச்சை பெற்ற கட்டிகளில் ஏறத்தாழ 85 சதவீதம் சுருங்கின. 74 சதவீதம் இருந்த இடமே தெரியாமல் போயின. 3 செ.மீ.க்குக் குறைவான கட்டிகள் நன்றாகக் கேட்கும், பெரியவை அவ்வளவாகக் கேட்காது. ஆகவே காத்திருந்து பெரிதாக்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துடிப்பு பட்ட கட்டிக்கு மட்டும்தான் இந்தச் சிகிச்சை. நுரையீரலிலோ கல்லீரலிலோ ஒளிந்திருக்கும் நோயை இது தொடாது. காலில் இத்தனை கட்டிகள் வந்திருப்பதால் ஸ்கேன் எடுத்து உடம்பு முழுவதும் பார்த்திருக்க வேண்டும். மெலனோமாவில் பி.ஆர்.ஏ.எஃப். மரபணு மாற்றம் உண்டா என்றும் சோதித்திருக்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றை எதிர்க்கவைக்கும் இம்யூனோதெரபி பற்றியும் கேளுங்கள். அதைக் கொடுத்துக்கொண்டே காலுக்கு இதையும் செய்யலாம்.

கீமோ என்றால் முடி கொட்டுமே, வாந்தி வருமே. இதிலும் அப்படியா?

ஒரே தடவை கொடுக்கும் மருந்து என்பதால் அவை அநேகமாக வராது. ஆனால் ப்ளியோமைசினுக்கு வேறு முகம் உண்டு, அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது நுரையீரலைத் தழும்பாக்கக் கூடியது. வாழ்நாளில் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம். இளவயதில் விரைப்புற்றுக்கோ நிணநீர்ப் புற்றுக்கோ சிகிச்சை எடுத்தவர் என்றால் ப்ளியோமைசின் ஏற்கெனவே உள்ளே போயிருக்கலாம். பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். நுரையீரலில் தழும்பு நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் எப்போதாவது வேறு அறுவைக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், அந்த மயக்க மருத்துவரிடமும் ‘எனக்கு ப்ளியோமைசின் கொடுத்திருக்கிறார்கள்’ என்று சொல்ல வேண்டும். அதிக அடர்த்தியில் ஆக்ஸிஜன் கொடுத்தால் அந்த நுரையீரலுக்கு ஆபத்து. இதை ஒரு சீட்டில் எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஒட்டி வைக்கச் சொல்வது என் வழக்கம்.

இன்னொன்று, சிகிச்சைக்குப் பிறகு சில நாட்களுக்கு எங்கே அரித்தாலும் சொறியாதீர்கள். நகம் பட்ட கோடெல்லாம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

எனக்கு மூக்கின் ஓரத்தில் பேசல் செல் புற்று என்று பயாப்சியில் வந்திருக்கிறது. சின்னதுதான். முகத்தில் கத்தி வைக்க மனம் இல்லை. இந்தக் கரன்ட் சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாமா? வயது 54.

உங்களுக்கு அறுவைதான் சரி என்று நினைக்கிறேன். நீங்கள் எதிர்பார்த்த பதில் இதுவல்ல என்று தெரியும், அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

வெட்டி எடுத்த துண்டு நுண்ணோக்கிக்குப் போகும். நாலாபுறமும் அடியிலும் புற்று இல்லாத விளிம்பு கிடைத்ததா என்று நோயியல் மருத்துவர் பார்த்து எழுதித் தருவார். அந்த ஒரு தாள்தான் உங்கள் நிம்மதி. எலெக்ட்ரோகீமோதெரபியில் துண்டே கிடையாது. விளிம்பில் ஏதாவது தங்கியிருந்தால், அது திரும்ப வளர்ந்து கண்ணில் படும்போதுதான் தெரியும். மூக்கோரம் மாதிரியான இடங்களில் பேசல் செல் புற்று வெளியே கடுகளவு தெரிந்தாலும் உள்ளே வேர்விட்டுப் பரவியிருக்கலாம். அங்கே மோஸ் என்ற முறை மிகச் சிறப்பானது. அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் அப்போதே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, புற்று இருக்கும் பக்கம் மட்டும் மேலும் எடுப்பார்கள். வீணாக நல்ல தோல் போகாது. தழும்பும் நீங்கள் பயப்படும் அளவுக்கு இராது.

சிகிச்சைகளின் சான்றுகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டல்களைப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியும். வேறு உறுப்பிலிருந்தோ மெலனோமாவிலிருந்தோ தோலில் பரவிய கட்டிகளுக்கு, வேதனையைத் தணிக்கும் சிகிச்சையாக இதைச் செய்யப் போதுமான சான்று உண்டு என்று 2013இல் சொன்னது. தோலிலேயே தொடங்கிய பேசல் செல், ஸ்குவாமஸ் செல் புற்றுகளுக்குச் சான்று குறைவு என்று 2014இல் சொன்னது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. இருந்தாலும், அறுவைக்கு ஏற்ற உடல்நிலையில் இருக்கும் ஒருவரிடம் அறுவையை விட்டுவிட்டு இதைச் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வயதில் ஒன்றும், எண்பத்தைந்து வயதில் முகமெங்கும் ஏழெட்டும் வேறு வேறு கதை. ஏற்கெனவே அறுவையும் கதிர்வீச்சும் செய்தும் திரும்பி வந்தவர், இதயம் பலவீனமானவர், பெரிய அறுவை என்றால் கண்ணையோ மூக்கையோ இழக்க வேண்டியவர் ஆகியோருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

காலில் உள்ள கருப்பு மச்சத்தை இந்த முறையில் எடுக்கலாமா?

கூடாது. என்னவென்று தெரியாத எதையும் கரைக்கவோ சுடவோ ஆசிட் வைக்கவோ கூடாது. முதலில் பயாப்சி. உள்ளங்காலிலோ நகத்தடியிலோ இருந்து, பெரிதாகிக்கொண்டோ நிறம் திட்டுத்திட்டாக மாறிக்கொண்டோ வந்தால் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வெயில் படும் இடத்தைவிட இப்படிப்பட்ட இடங்களில்தான் அதிகம் வருகிறது. ஆணி என்றும் அடிபட்டதென்றும் நினைத்து மாதங்களைப் போக்கிவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்று. மார்பகத்தை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்த இடத்தில் மறுபடி தோலில் படர்ந்து புண்ணாகிவிட்டது. நீர் வடிகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. அம்மா அறையை விட்டு வெளியே வருவதில்லை, பேரக்குழந்தைகளையும் கிட்டே விடுவதில்லை. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேன்சர் குணமாகாது என்று எங்களுக்குத் தெரியும். இந்தப் புண்ணுக்காவது ஏதாவது உண்டா?

உண்டு. நோயை வெல்ல முடியாது என்பதும் செய்ய ஒன்றும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். உங்கள் அம்மாவை அறைக்குள் அடைத்து வைத்திருப்பது அந்தப் புண்தான். அந்தப் புண்ணுக்கு வைத்தியம் இருக்கிறது.

நாளைக்கே தொடங்கக் கூடியதைச் சொல்கிறேன். நாற்றத்துக்குக் காரணம், செத்த திசுவில் ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா. மெட்ரோனிடசோல் ஜெல்லைப் புண்ணின் மேலேயே தடவினால் சில நாட்களில் நாற்றம் நன்றாகக் குறையும். உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கட்டைப் பிரிக்கும்போது வறட்டுப் பஞ்சைப் பிய்த்து இழுக்காதீர்கள். சலைனை ஊற்றி நன்றாக ஊறவிட்டு மெல்ல எடுங்கள். அடியில் ஒட்டாத வகை டிரெஸ்ஸிங், அதன் மேல் கரி சேர்ந்த டிரெஸ்ஸிங் கிடைத்தால் வையுங்கள். கட்டு மாற்றுவதற்கு அரைமணி முன்னால் வலி மாத்திரை கொடுங்கள். அம்மா உங்களை நினைத்து வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருப்பார். அது தேவையே இல்லை.

அடுத்து, எலெக்ட்ரோகீமோதெரபி செய்யும் மையத்தில் அம்மாவைக் காட்டுங்கள். மார்புச்சுவரில் திரும்பி வரும் கட்டிகளுக்கு இதை நிறையவே செய்கிறார்கள். ரத்தக்கசிவு நிற்கும், புண் வறண்டு பல இடங்களில் மூடும், புதுக்கட்டிகள் வந்தால் திரும்பவும் செய்யலாம். ஆனால் உங்கள் அம்மாவின் விஷயத்தில் நான் அதிகம் வாக்குக் கொடுக்கமாட்டேன். கதிர்வீச்சு பட்ட தோலில் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும். மருந்து சரியாகப் பரவாது. பலனும் மற்ற இடங்களைவிடக் குறைவு. பரப்பு பெரிதாக இருந்து, முன்பே வலியும் இருந்தால் சிகிச்சைக்குப் பின் சில வாரம் வலி கூடும் வாய்ப்பு உண்டு. செத்த திசு கழியும் அந்த நாட்களில் நீர் வடிவதும் நாற்றமும்கூடக் கொஞ்ச காலம் அதிகமாகலாம். இதெல்லாம் முதலிலேயே தெரிந்து, வலிக்கான மருந்துத் திட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போனால் சமாளிக்க முடியும். தெரியாமல் போனால், சிகிச்சையே தோற்றுவிட்டது என்று அம்மா மனம் விட்டுவிடுவார். படர்ந்த இடம் முழுவதையும் ஒரே நாளில் செய்யாமல், அதிகம் தொல்லை தரும் பகுதியை மட்டும் முதலில் செய்யச் சொல்லிக் கேட்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் தொடங்குவேன்.

வலித்தணிப்புப் பிரிவு மருத்துவர் ஒருவரும் அம்மாவைப் பார்க்கட்டும். கடைசி நாட்களுக்கு மட்டுமானவர்கள் என்று அவர்களை நினைக்க வேண்டாம்.

கீமோ மருந்துக்குப் பதில் வெறும் கால்சியம் வைத்தே இதைச் செய்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். டென்மார்க்கில் இதை முன்னெடுத்தார்கள். துளை விழுந்த செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்தால், அதைச் சரிக்கட்டப் போராடியே செல் தன் சக்தியை எல்லாம் இழந்து செத்துவிடும். விலை குறைவு, கீமோ மருந்தின் தொல்லையும் இல்லை. எனக்கு இதில் மிகுந்த எதிர்பார்ப்பு உண்டு. சிறிய ஆய்வுகளில் ப்ளியோமைசினுக்குக் கிட்டத்தட்ட நிகராக வந்திருக்கிறது. இன்றைக்கு முதல் தேர்வு ப்ளியோமைசின்தான்.

மாமனாருக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. தொடையில் ஸ்குவாமஸ் செல் புற்று பரவிய கட்டிகள். இதைச் செய்ய முடியாதா?

தொடை என்பதால் முடியும் என்றே நினைக்கிறேன். துடிப்பு ஊசிகளுக்கு நடுவில் மட்டும் பாய்வதால் தூரத்தில் இருக்கும் கருவிக்குத் தொல்லை வருவது குறைவு. கட்டி மார்பில், பேஸ்மேக்கருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் நான் வேறு வழி தேடியிருப்பேன். எப்படியானாலும் இதய மருத்துவர் முன்கூட்டியே கருவியைச் சோதித்துச் சம்மதம் எழுதித் தர வேண்டும். சிகிச்சையின்போது இ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் கருவியை மறுபடி சோதிக்க வேண்டும். கருவியின் அட்டையை மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்திவிடாமல் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.